தரவுத்தளங்களின் குறைந்தபட்சப் பதிப்பு: எல்லைக் கோட்டை எங்கே போடுவது, எப்படிக் காப்பது

பல திறமூலத் திட்டங்களின் நிறுவல் குறிப்பில் "போஸ்ட்கிரெஸ் 9.6 அல்லது அதற்கு மேல்" என்று, தேவையான தரவுத்தளப் பதிப்பைச் சொல்லும் ஒரு வரி இன்னும் கிடக்கும். ஏன் 9.6, ஏன் 9.5 இல்லை, ஏன் 12 இல்லை என்று கேட்டால் திட்டத்தில் இருக்கும் எவருக்கும் பதில் தெரியாது. தானியங்கிச் சோதனைகளோ 16-இல் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். 9.6-க்குத் திருத்தங்கள் தருவதை போஸ்ட்கிரெஸ் குழுவே 2021 நவம்பரோடு நிறுத்திவிட்டது. யாரும் சரிபார்க்காத அந்த வாக்குறுதியை நம்பி ஒருவர் பழைய சர்வரில் நிறுவுகிறார். டேபிள்களை உருவாக்கி மாற்றும் மைக்ரேஷன்களில் முதல் சில ஓடுகின்றன, அடுத்தது தொடரியல் பிழை காட்டி நிற்கிறது. பாதி உருவான டேபிள்களோடு அவர் உதவி கேட்டு வருகிறார்.

இதற்கு மருந்து எண்ணை உயர்த்துவது மட்டும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணம் தெரியாத எண்ணை உயர்த்தவும் தயக்கமாக இருக்கும், காப்பாற்றவும் முடியாது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைக் கொண்டு அதைக் காப்பது என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

நிரல் என்ன கேட்கிறது

முதலில் பார்க்க வேண்டியது நம் நிரல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் குவெரிகளை. போஸ்ட்கிரெஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் (சேர்க்கும் வரி ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று சொல்வது) இருந்தால் 9.5 வேண்டும். தானாக எண் ஏறும் ஐடென்டிட்டி நெடுவரிசைக்கு 10. மற்ற நெடுவரிசைகளிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கப்படும் நெடுவரிசைக்கு 12. எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) எதுவும் போடாமல் சர்வரே தற்செயல் யூயூஐடி (தனித்த அடையாள எண்) உருவாக்க 13. மெர்ஜ் கட்டளைக்கும், யூனிக் கட்டுப்பாட்டில் வெற்று மதிப்புகளை ஒன்றாகக் கருதுவதற்கும் 15. எஸ்க்யூலைட்டில் அப்செர்ட்டுக்கு (இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர்) 3.24, வரிகளைச் சுருக்காமல் குழுவாகக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன்களுக்கு 3.25, எழுதிய வரியைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங்குக்கும் நெடுவரிசையை நீக்குவதற்கும் 3.35, நெடுவரிசை வகையைக் கறாராகக் காக்கும் ஸ்ட்ரிக்ட் டேபிள்களுக்கு 3.37. மைஎஸ்க்யூஎல்லில் விண்டோ ஃபங்ஷன்களும் வித் என்று தொடங்கும் குவெரிகளும் 8.0-இல்தான் வந்தன.

இதை ஒரு கோப்பாகவே களஞ்சியத்தில் வைப்பது நல்லது. எந்த வசதி, நிரலில் எங்கே, எந்தப் பதிப்பிலிருந்து என்று வரிக்கு ஒன்று போதும். அந்தக் கோப்பில் உள்ள மிகப் பெரிய எண்தான் தொழில்நுட்ப ரீதியான கீழ் எல்லை. புதிய வசதி ஒன்றைப் பயன்படுத்தும் மாற்றம் வரும்போது அதே மாற்றத்தில் இந்தக் கோப்பிலும் ஒரு வரி சேர வேண்டும். "இந்த ஒரு குவெரிக்காக எல்லையை 13-இலிருந்து 15-க்கு ஏற்றலாமா" என்ற கேள்வி அப்போதுதான் மறுஆய்வில் வெளிப்படையாக எழும். மெர்ஜ் வேண்டும் என்று யாராவது எழுதினால் அதையே ஆன் கான்ஃப்ளிக்ட் கொண்டு செய்ய முடியுமா என்று முதலில் பார்க்கலாம். பெரும்பாலும் முடியும்.

மைக்ரேஷன்களை மறந்துவிடக் கூடாது. பயன்பாட்டு நிரலில் புதிய வசதி எதுவும் இல்லாவிட்டாலும் மைக்ரேஷன்கள் எல்லையைத் தீர்மானிக்கலாம். போஸ்ட்கிரெஸ் 12-க்கு முன்பு ஈனம் (குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும்) வகையில் புதிய மதிப்பைச் சேர்க்கும் கட்டளை டிரான்சாக்‌ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுதிக்குள்) ஓடாது. 12-இலிருந்து ஓடும், ஆனால் அதே டிரான்சாக்‌ஷனில் அந்தப் புதிய மதிப்பைப் பயன்படுத்த முடியாது. 11-க்கு முன்பு இயல்பு மதிப்போடு ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும், அதுவரை டேபிள் பூட்டிக் கிடக்கும். கட்டளை வெற்றி பெறும், பிழை எதுவும் வராது. கோடிக்கணக்கான வரிகள் உள்ள டேபிளில் சேவை மட்டும் நின்றுபோகும். "ஓடுகிறது" என்பதையும் "தாங்கக்கூடிய நேரத்தில் ஓடுகிறது" என்பதையும் கோப்பில் தனித்தனியே குறிக்க வேண்டிய இடம் இது.

சத்தமில்லாமல் தவறும் பதிப்புகள்

தொடரியல் பிழை நல்ல பிழை. உடனே தெரிந்துவிடும். பழைய பதிப்பு நம் கட்டளையை வாங்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், சரி என்று சொல்வதுதான் உண்மையான ஆபத்து. எல்லையைத் தீர்மானிப்பதில் இந்த வகைக்கே நான் முதலிடம் தருவேன்.

மைஎஸ்க்யூஎல்லின் செக் கட்டுப்பாடு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் "விலை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்" என்ற செக்கைப் படித்துவிட்டு அப்படியே தூக்கி எறிந்துவிடும். டேபிள் உருவாகும், எச்சரிக்கைகூட வராது. எதிர்மறை விலைகள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் தரவை 8.0.16-க்கு மேற்பட்ட சர்வருக்கு மாற்றிக் கட்டுப்பாட்டைச் சேர்க்கும்போது, ஏற்கெனவே உள்ள தவறான வரிகளால் அந்தக் கட்டளை தோற்கும். செக்கை நம்பியிருக்கும் திட்டம் "மைஎஸ்க்யூஎல் 8.0" என்று எழுதினால் போதாது, 8.0.16 என்றே எழுத வேண்டும். பைத்தான் வலைப் பயன்பாட்டுச் சட்டகமான ஜாங்கோவின் 5 வரிசை 8.0.11-ஐ எல்லையாக வைத்திருப்பதால், 8.0.16-ஐத் தனியாகச் சோதித்து செக் ஆதரவு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் கிளை அதன் நிரலில் இருக்கிறது. எல்லையைத் தாழ்த்தி வைப்பதற்கு நிரலில் கொடுக்கும் விலை அது.

இறங்குவரிசை இண்டெக்ஸும் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) அப்படித்தான். மைஎஸ்க்யூஎல் 5.7 அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஏறுவரிசையில்தான் இண்டெக்ஸைக் கட்டும். 8.0-இலிருந்துதான் அது உண்மையாக வேலை செய்கிறது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியில் 10.8 வரை காத்திருக்க வேண்டும். இதில் தரவு கெடாது, குவெரி வேகம் மட்டும் குறையும் என்பதால் எல்லையை உயர்த்தும் அளவுக்கு இது முக்கியமா என்பது திட்டத்தைப் பொறுத்தது.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. 5.7-இல் குரூப் பை போட்டால் முடிவுகள் தாமாகவே அந்த நெடுவரிசைப்படி வரிசையாக வரும். 8.0 அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. ஆர்டர் பை எழுத மறந்த குவெரிகள் பழைய சர்வரில் சரியாகவும் புதியதில் கலைந்தும் வரும். போஸ்ட்கிரெஸ் 12-இல் வித் குவெரிகளை முதன்மைக் குவெரிக்குள் கரைத்துவிடும் மாற்றம் வந்தது. அதற்கு முன்பு வித் ஒரு தடுப்புச் சுவராக இருந்தது, அதை நம்பித் திட்டமிடப்பட்ட குவெரிகளின் வேகம் 12-இல் மாறியது. பழைய நடத்தை வேண்டுமானால் மெட்டீரியலைஸ்டு என்று வெளிப்படையாக எழுத வேண்டும், ஆனால் அந்தச் சொல் 11-க்குப் புரியாது. 11-ஐயும் 12-ஐயும் ஒன்றாகத் தாங்கும் திட்டத்துக்கு இதில் நல்ல வழி எதுவும் இல்லை. எல்லையை 12-க்கு ஏற்றுவதுதான் நேர்மையான தீர்வு.

கடைசி இலக்கம்

பெரும்பாலான திட்டங்கள் பெரும் பதிப்போடு நிறுத்திக்கொள்கின்றன. கடைசி இலக்கம் சில இடங்களில் தரவின் நம்பகத்தன்மையையே தீர்மானிக்கிறது.

போஸ்ட்கிரெஸ் 14.0 முதல் 14.3 வரை, எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி முறையில் இண்டெக்ஸ் கெட்டுப்போகும் பிழை இருந்தது. 2022 ஜூனில் 14.4 அதைத் திருத்தியது. நம் மைக்ரேஷன்கள் அந்த முறையில் இண்டெக்ஸ் கட்டுகின்றன என்றால், "14" என்று எழுதுவது தவறான தகவல். 14.4 என்று எழுத வேண்டும். ஏற்கெனவே 14.2-இல் அப்படிக் கட்டியவர்கள் சர்வரை மேம்படுத்தினால் மட்டும் போதாது, அந்த இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டவும் வேண்டும். மேம்படுத்தும் குறிப்பில் இதைச் சொல்லாவிட்டால் எல்லையை உயர்த்தியதன் பயன் பாதிதான்.

மைஎஸ்க்யூஎல் 8.0 வரிசையில் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் அந்த வரிசையில் திருத்தப் பதிப்புகளிலேயே புதிய வசதிகள் வந்தன. இயல்பு மதிப்பாக ஒரு கோவையை (கணக்கிட்டு மதிப்புத் தரும் எக்ஸ்பிரஷன்) எழுதுவதும் கோவை மீதான இண்டெக்ஸும் 8.0.13-இல் வந்தன. இன்செர்ட்டில் புதிய வரிக்கு மாற்றுப்பெயர் கொடுக்கும் வசதி 8.0.19-இல் வந்தது, அடுத்த 8.0.20-இலேயே அதுவரை இருந்த வேல்யூஸ் முறை கைவிடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டது. பழைய முறையை எழுதினால் புதிய சர்வர் எச்சரிக்கும், புதிய முறையை எழுதினால் 8.0.18 புரிந்துகொள்ளாது. எல்லை 8.0.19 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. நடுவில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு: 8.0.38, 8.4.1, 9.0.0 மூன்றும் பத்தாயிரத்துக்கு மேல் டேபிள்கள் இருந்தால் மறுதொடக்கத்தில் விழுந்துவிடும். 8.0.39, 8.4.2, 9.0.1 ஆகியவை அதற்கு மாற்றாக வந்தன. வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்கீமா (டேபிள்களின் தனித் தொகுதி) என்று வைத்திருக்கும் திட்டங்களுக்கு இது எட்டாத எண் இல்லை.

ஆகவே குறைந்தபட்சப் பதிப்பு ஒற்றை எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனி எல்லை, அதோடு தவிர்க்க வேண்டிய சில பதிப்புகள் என்று வைத்துக்கொள்வதே சரி. "14.4 அல்லது மேல், 15 எதுவும், 16 எதுவும்" என்று எழுத வெட்கப்பட வேண்டாம்.

நாட்காட்டி

போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு தருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் திருத்தங்கள் வரும். கடைசித் திருத்தம் நவம்பரில். 12 அப்படி 2024 நவம்பரிலும் 13 அப்படி 2025 நவம்பரிலும் முடிந்தன, 14-க்கு 2026 நவம்பர் வரை. மைஎஸ்க்யூஎல் 5.7 2023 அக்டோபரிலேயே முடிந்தது, 8.0-க்கு 2026 ஏப்ரல், அதன்பின் நீண்ட கால ஆதரவுக் கிளை 8.4. மரியாடிபி 10.6-க்கு 2026 ஜூலை, 10.11-க்கு 2028 பிப்ரவரி. முன்கூட்டியே தெரிந்த தேதிகள் இவை. எல்லையை உயர்த்தும் முடிவை ஒவ்வொரு முறையும் விவாதமாக்காமல் தேதியோடு கட்டிவிட இவை உதவும்.

கட்டும் விதத்தில்தான் திட்டங்கள் வேறுபடுகின்றன. நம் பதிப்பு வெளியாகும் நாளில் உயிரோடு இருக்கும் எல்லாவற்றையும் தாங்குவோம் என்பது ஒரு விதி. நம் பதிப்பின் ஆதரவுக் காலம் முடியும்வரை உயிரோடு இருப்பவற்றை மட்டும் தாங்குவோம் என்பது இன்னொன்று. இரண்டாவது மிகக் கடுமையானது, நீண்ட கால ஆதரவு தரும் திட்டங்களுக்கு நடைமுறையில் ஒத்துவராது. ஜாங்கோ நடுவில் நிற்கிறது. 2025 ஏப்ரலில் வந்த 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு. போஸ்ட்கிரெஸ் 13 அதே ஆண்டு நவம்பரில் முடியப்போகிறது என்பதால், அது உயிரோடு இருந்தபோதே 5.2 அதை விட்டுவிட்டு 14-இலிருந்து தொடங்கியது. 14-உம் 2028 வரை இருக்கப்போவதில்லை என்றாலும் அதைத் தள்ளவில்லை. வெளியான சில மாதங்களில் காலாவதியாகப் போகும் ஒன்றுக்குப் புதிதாக வாக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே அதன் பொருள். பெரும்பாலான திட்டங்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஒரே நிறுவனம் தன் சர்வரில் மட்டும் ஓட்டும் மென்பொருளுக்கு இவ்வளவு தேவையில்லை. உற்பத்தியில் உள்ள பதிப்பு ஒன்று, அடுத்து போகப்போகும் பதிப்பு ஒன்று, அவ்வளவுதான்.

பயனர்களிடம் என்ன இருக்கிறது

மற்றவர்கள் தங்கள் கணினியில் நிறுவும் மென்பொருள் என்றால் லினக்ஸ் விநியோகங்களைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15-உம் மரியாடிபி 10.11-உம் இருக்கின்றன. உபுண்டு 22.04-இல் போஸ்ட்கிரெஸ் 14, 24.04-இல் 16. போஸ்ட்கிரெஸ் குழுவே டெபியனுக்கும் ரெட் ஹேட்டுக்கும் தனிக் களஞ்சியம் நடத்துவதால் புதிய பதிப்பை நிறுவுவது கடினம் இல்லை. சர்வர் வகைத் தரவுத்தளங்களில் இந்த வழி எப்போதும் உண்டு.

எஸ்க்யூலைட் அப்படி இல்லை. அது பயன்பாட்டுக்குள் இணைக்கப்படும் லைப்ரரி, பெரும்பாலும் இயங்குதளத்தோடு வருவது. ரெட் ஹேட் 8-இல் 3.26, ரெட் ஹேட் 9-இலும் டெபியன் 11-இலும் 3.34.1, உபுண்டு 22.04-இல் 3.37.2, டெபியன் 12-இல் 3.40.1. ரிட்டர்னிங் வந்தது 3.35-இல் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பதிப்பு இடைவெளியில் ரெட் ஹேட் 9 முழுவதும் வெளியே போகிறது, அதுவோ இன்னும் பல ஆண்டுகள் ஆதரவில் இருக்கப்போகும் தளம். இங்கே இரண்டு வழிகள்தான். எஸ்க்யூலைட்டை நம்மோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பது, அல்லது ரிட்டர்னிங் இல்லாமல் எழுதுவது. முதல் வழியில் பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்தொடரும் பொறுப்பு நம்மிடம் வந்துவிடும். 3.14-க்கு முந்தைய பைத்தானில் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: எஸ்க்யூலைட் மாட்யூலின் சொந்தப் பதிப்பு எண் வேறு, அது இணைத்திருக்கும் லைப்ரரியின் எண் வேறு. சோதிக்க வேண்டியது இரண்டாவதை.

எஸ்க்யூலைட் கோப்பு ஊர் மாறும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஸ்ட்ரிக்ட் டேபிள் உள்ள கோப்பை 3.37-க்கு முந்தைய லைப்ரரியில் திறந்தால் ஸ்கீமா சிதைந்துவிட்டதாகப் பிழை வரும். தரவு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பயனர் அப்படி நினைக்கமாட்டார். காப்புப்பிரதியைப் பழைய கணினியில் திறந்து பார்க்கும் வழக்கம் உள்ள பயனர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் எல்லை வன்பொருள்வரை போகிறது. 5.0-இலிருந்து இன்டெல் வகைச் செயலிகளில் ஏவிஎக்ஸ் என்ற கணக்கீட்டுக் கட்டளைகள் இருந்தாக வேண்டும். 4.4-இலிருந்து 5.0-க்கு எல்லையை ஏற்றினால் பழைய கணினிகளையும், ஏவிஎக்ஸை மறைத்து வைத்திருக்கும் மெய்நிகர் கணினிகளையும் சேர்த்தே விடுகிறோம். அங்கே சர்வர் தொடங்கும்போதே விழுந்துவிடும்.

சர்வர் சொல்லும் எண்

எல்லையை ஆவணத்தில் எழுதுவதோடு நிற்காமல், தொடங்கும்போது நிரலே சரிபார்க்க வேண்டும். மைக்ரேஷன் தொடங்குவதற்கு முன்பு இது நடக்க வேண்டும், பின்பு அல்ல. இங்கே மிகச் சாதாரணமான தவறு, பதிப்பை எழுத்துச் சரமாக ஒப்பிடுவது. அப்படி ஒப்பிட்டால் 9.6 என்பது 14-ஐ விடப் பெரிது. போஸ்ட்கிரெஸ் தரும் முழுப் பதிப்புச் சரத்தில் விநியோகத்தின் பெயரும் தொகுப்பு எண்ணும் ஒட்டியிருக்கும், முன்னோட்டப் பதிப்புகளில் பீட்டா என்ற சொல்லும் வரும். அதைப் பிரித்துப் படிப்பதற்குப் பதில் server_version_num என்ற அமைப்பைக் கேளுங்கள். 9.6.5-க்கு 90605, 14.4-க்கு 140004 என்று முழு எண்ணாகத் தரும். 17-இன் பீட்டாவுக்கும் 170000. எஸ்க்யூலைட் 3.35.0-ஐ 3035000 என்று தரும்.

மரியாடிபி இன்னும் சிக்கலானது. 10 வரிசை சர்வர்கள் இணைப்பு தொடங்கும்போது பல நேரங்களில் 5.5.5 என்று தொடங்கி, அதன்பின் கோடிட்டு உண்மையான 10.6 எண்ணைத் தரும். இரண்டு இலக்கத்தில் தொடங்கும் எண்ணைப் பழைய மைஎஸ்க்யூஎல் ரெப்ளிகாக்கள் (நகல் சர்வர்கள்) புரிந்துகொள்ளாததால் வைத்த முன்னொட்டு அது. முதல் எண்ணை மட்டும் படிக்கும் நிரல் நல்ல சர்வரைப் பழையது என்று விரட்டிவிடும். மரியாடிபியையும் மைஎஸ்க்யூஎல்லையும் ஒரே எண் வரிசையில் வைப்பதே தவறு. 10.6 என்பது 8.0-ஐ விடப் புதியது என்று பொருளில்லை. மரியாடிபியில் இன்செர்ட்டோடு ரிட்டர்னிங் 10.5 முதல் உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் அது இல்லவே இல்லை. மரியாடிபியின் ஜேசன் வகை உண்மையில் நீண்ட உரை வகைக்கு இன்னொரு பெயர். இரண்டுக்கும் தனித்தனி எல்லை, தனித்தனி சோதனை வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் போல் பேசும் பிறவும் தங்கள் எண்ணைத் தருகின்றன. ரெட்ஷிஃப்ட் தன்னை 8.0.2 என்கிறது, காக்ரோச்டிபி 13 என்கிறது. ரெடிஸ் என்ற தரவுத்தளத்திலிருந்து பிரிந்த வால்கீ, பழைய கிளையன்ட்கள் உடையாமலிருக்க ரெடிஸ் பதிப்பாக 7.2.4-ஐத் தருகிறது, தன் சொந்த எண்ணைத் தனிப் புலத்தில் வைக்கிறது. இவற்றை ஆதரிக்கவில்லை என்றால் பெயரைப் பார்த்து அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. எண்ணைப் பார்த்து ஏற்றுக்கொண்டு பிறகு எங்கோ உடைவதைவிட அது மேல்.

மறுக்கும்போது தரும் செய்தியில் எந்த சர்வர், அங்கே இருக்கும் பதிப்பு, தேவையான பதிப்பு, ஏன் என்ற நான்கும் இருக்கட்டும். சோதனையைத் தாண்டிச் செல்ல ஓர் அமைப்பும் வைக்கலாம், ஆனால் அது போடப்பட்டிருக்கும்வரை ஒவ்வொரு தொடக்கத்திலும் பதிவேட்டில் எச்சரிக்கை விழ வேண்டும். எல்லைக்குக் கீழே என்றால் மறுப்பு, சோதிக்கப்பட்ட உச்சத்துக்கு மேலே என்றால் எச்சரிக்கை மட்டும். மேலே பூட்டுப் போடுவதை நான் ஏற்கவில்லை. அது பயனர்களைப் பழைய பதிப்பில் சிறைவைக்கும்.

எக்ஸ்டென்ஷன்களுக்குச் சர்வர் பதிப்பு போதாது. தொகுப்பு புதிதாக நிறுவப்பட்டிருந்தாலும், ஆல்டர் எக்ஸ்டென்ஷன் ஓடாதவரை அந்தத் தரவுத்தளத்துக்குள் பழைய பதிப்புதான் இருக்கும். வெக்டர் தேடலுக்கான பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷனில் எச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ் 0.5.0-இல் வந்தது, அதைப் பயன்படுத்தும் திட்டம் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். மாங்கோடிபியிலும் இதுபோல ஒன்று உண்டு: சர்வர் நிரல் 6.0 ஆக இருக்கலாம், வசதிப் பொருத்த மதிப்பு (எந்தப் பதிப்பின் வசதிகள்வரை இயங்கலாம் என்று சொல்வது) 5.0-இலேயே நிற்கலாம்.

ஏறுவதற்குப் படி

எல்லையை உயர்த்துவதில் மிக அதிகம் மறக்கப்படுவது இதுதான். நம் பதிப்பு 3 போஸ்ட்கிரெஸ் 12 முதல் 14 வரை மட்டும் தாங்குகிறது, பதிப்பு 4-க்கு 15 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-இல் இருப்பவர் பயன்பாட்டையும் தரவுத்தளத்தையும் ஒரே இரவில் மாற்றியாக வேண்டும். ஏதாவது தவறினால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது, திரும்பவும் வழியில்லை. ஆகவே அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளின் ஆதரவு எல்லைகள் குறைந்தது ஒரு பெரும் பதிப்பிலாவது ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். பதிப்பு 3 முதலில் 16 வரை தாங்கட்டும், அதன்பிறகே பதிப்பு 4-இன் எல்லை 15 ஆகட்டும். பயனர் முதலில் தரவுத்தளத்தை 16-க்கு நகர்த்துவார், சில வாரம் கவனிப்பார், பிறகு பயன்பாட்டை நகர்த்துவார்.

படிகள் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். போஸ்ட்கிரெஸில் மேம்படுத்தும் கருவியான பிஜி அப்கிரேட் 13-இலிருந்து 17-க்கு நேராகத் தாவும். மைஎஸ்க்யூஎல்லில் 5.7-இலிருந்து 8.4-க்கு நேராகப் போக முடியாது, நடுவில் 8.0 வேண்டும். மாங்கோடிபியில் ஒவ்வொரு பெரும் பதிப்பாகத்தான் ஏற வேண்டும். இறங்குவது இன்னும் கடினம். பிஜி அப்கிரேடை, கோப்புகளை நகலெடுக்காமல் பகிரும் லிங்க் முறையில் ஓட்டிப் புதிய சர்வரைத் தொடங்கிவிட்டால் பழைய தரவு அடைவைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்குத் தனிக் குறிப்பு எழுதுங்கள். கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் 13-ஐ 16 என்று மாற்றினால் தரவு மேம்படாது. பழைய பதிப்பில் உருவான தரவு அடைவு பொருந்தவில்லை என்று சொல்லி சர்வர் தொடங்கவே மறுக்கும். தரவை டம்ப் (முழு நகல்) எடுத்துப் புதிய வால்யூமில் ஏற்ற வேண்டும், அல்லது பிஜி அப்கிரேட் ஓட்ட வேண்டும். 18-இல் இரண்டு மாற்றங்கள் கூடுதலாக உள்ளன. அதிகாரபூர்வ இமேஜில் வால்யூம் ஒட்டும் இடம் ஒரு நிலை மேலே போயிருக்கிறது. புதிய கிளஸ்டர்களில் தரவுச் செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இயல்பாகவே இயங்குவதால், செக்சம் இல்லாத பழைய கிளஸ்டரிலிருந்து பிஜி அப்கிரேட் செய்யும்போது புதிய கிளஸ்டரைச் செக்சம் இல்லாமல் உருவாக்க வேண்டும், அல்லது பழையதில் முதலில் அதை இயக்க வேண்டும்.

சர்வரோடு டிரைவரும் (நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் லைப்ரரி) கருவிகளும் சேர்ந்து நகரும். போஸ்ட்கிரெஸ் 14 முதல் கடவுச்சொற்கள் இயல்பாக ஸ்க்ராம் முறையில் சேமிக்கப்படுகின்றன, போஸ்ட்கிரெஸின் இணைப்பு லைப்ரரியான லிப்பிக்யூவின் 10-க்கு முந்தைய பதிப்பைப் பயன்படுத்தும் கிளையன்ட்களால் அதில் உள்நுழைய முடியாது. மைஎஸ்க்யூஎல் 8.4-இல் பழைய நேட்டிவ் கடவுச்சொல் முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. காப்புப்பிரதி எடுக்கும் பிஜி டம்ப் தன்னைவிடப் புதிய பெரும் பதிப்பு சர்வரைத் தொட மறுக்கும், ஆகவே பயன்பாட்டு இமேஜுக்குள் இருக்கும் பிஜி டம்ப்தான் காப்புப்பிரதியின் உண்மையான மேல் எல்லை. 2025 ஆகஸ்ட் திருத்தங்களுக்குப் பிறகு அது எழுதும் கோப்பில் ரெஸ்ட்ரிக்ட் என்ற புதிய கட்டளை வருகிறது, அந்தக் கோப்பை ஏற்றும் பழைய பிஎஸ்க்யூஎல் அதை அறியாது. காப்புப்பிரதி எடுக்கும் கருவியும் மீட்கும் கருவியும் ஒரே திருத்தத்தில் இருக்கட்டும்.

சோதனை

எழுதிய பதிப்பில் சோதனை தினமும் ஓடாவிட்டால் அதை எல்லை என்று சொல்ல முடியாது. இமேஜ் குறிச்சொல்லில் "லேட்டஸ்ட்" என்றோ "14" என்றோ போட்டால் எப்போதும் கடைசித் திருத்தம்தான் கிடைக்கும். எல்லை 14.4 என்றால் 14.4 என்றே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மிகக் குறைந்த பதிப்பும் மிகப் புதிய பதிப்பும் ஓடட்டும், இடையில் உள்ளவை இரவில் ஒருமுறை ஓடினால் போதும். மொழிப் பதிப்புகளோடும் டிரைவர்களோடும் பெருக்கிப் பார்த்தால் எண்ணிக்கை கைமீறும். குறைந்த சர்வரோடு குறைந்த டிரைவர், புதிய சர்வரோடு புதிய டிரைவர் என்று இரு முனைகளைக் கோத்தால் பெரும்பாலான உடைப்புகள் அகப்படும். போஸ்ட்கிரெஸ் பீட்டா வழக்கமாக மே மாதத்தில் வரும். தோற்றாலும் தடுக்காத ஒரு வாராந்திர ஓட்டத்தில் அதைச் சேர்த்தால் செப்டம்பருக்குள் சரிசெய்ய நேரம் இருக்கும். 15-இல் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் டேபிள் உருவாக்கும் உரிமை நீக்கப்பட்டதுபோன்ற மாற்றங்கள் இப்படித்தான் முன்கூட்டியே தெரியவரும்.

வெற்றுத் தரவுத்தளத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். முந்தைய வெளியீடு உருவாக்கிய தரவை எல்லைப் பதிப்பில் ஏற்றி, அதன் மீது மைக்ரேஷன்களை ஓட்டும் ஒரு சோதனை வேண்டும். எல்லைக்கு ஒரு படி கீழே உள்ள சர்வரில் தொடங்கி, நிரல் தெளிவான செய்தியோடு மறுக்கிறதா, எந்த டேபிளையும் தொடவில்லையா என்று பார்க்கும் சோதனையும் ஒன்று வேண்டும். இது பல திட்டங்களில் இல்லை. மறுப்பு நிரல் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்து, தேவைப்படும் நாளில் அதுவே உடைந்திருக்கும்.

உயர்த்தும் நாள்

திருத்த வெளியீட்டில் எல்லையை உயர்த்தக் கூடாது. பாதுகாப்புத் திருத்தத்துக்காக வரும் பயனரைத் தரவுத்தள மேம்பாட்டில் மாட்டிவிடுவது நியாயமில்லை. குறைந்தது ஒரு வெளியீடு முன்பே குறிப்பில் அறிவித்து, பழைய பதிப்பில் ஓடுபவர்களுக்குத் தொடக்கத்தில் எச்சரிக்கையும் காட்ட வேண்டும். வெளியீட்டுக் குறிப்புகளைப் படிக்காதவர்களும் பதிவேட்டைப் பார்ப்பார்கள். நிர்வகிக்கப்படும் மேகச் சேவைகளில் இருப்பவர்களுக்கு மேம்படுத்தும் தேதி சேவை வழங்குபவரின் கையில் இருக்கலாம். அமேசான் ஆர்டிஎஸ் போன்றவை காலாவதியான பெரும் பதிப்புகளைக் கூடுதல் கட்டணத்துக்குத் தொடர்ந்து ஓட்டுகின்றன. அப்படிக் காசு கொடுத்துப் பழைய பதிப்பில் இருப்பவர்களுக்காகத் திறமூலத் திட்டம் தன் எல்லையைத் தாழ்த்தி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து. அவர்கள் பணம் கொடுப்பது காலத்துக்காக, அந்தக் காலத்தில் நம் பழைய கிளை அவர்களுக்குப் போதும்.

எல்லையை உயர்த்தும் மாற்றத்தில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். பழைய பதிப்புக்காக நிரலில் வைத்திருந்த கிளைகளை அதே மாற்றத்தில் நீக்க வேண்டும். அதற்கு வசதியாக அந்தக் கிளைகளை எழுதும்போதே ஒரே மாதிரியான குறிப்பு வைக்க வேண்டும்: "போஸ்ட்கிரெஸ் 15-க்குக் கீழ் தேவையில்லாதபோது நீக்குக" என்று, தேடினால் கிடைக்கும்படி. வசதிக் கோப்பில் புதிய எல்லைக்குக் கீழே வந்துவிட்ட வரிகளையும், சோதனை அட்டவணையில் பழைய இமேஜையும், நிறுவல் குறிப்பு, கம்போஸ் மாதிரிக் கோப்பு, தொடக்கச் சோதனையின் மாறிலி ஆகிய மூன்றிலும் உள்ள எண்ணையும் அப்போதே மாற்ற வேண்டும். அந்த எண் ஒரே இடத்தில் இருந்து மற்றவை அதிலிருந்து உருவாக்கப்பட்டால் இன்னும் நல்லது. முடியாவிட்டால், எல்லா இடங்களிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் பத்து வரிச் சோதனை ஒன்றை எழுதி வையுங்கள்.